வலயமும் வீதியும்: குடியிருப்பு நில வலயமாக்கலின் வரலாற்றில் வீதிப் பாதுகாப்பு

ஒரு நிலத்துண்டு எதற்குப் பயன்படலாம் எனத் தீர்மானிப்பது, மேலோட்டமாக நோக்குமிடத்து, நிலத்தைப் பற்றிய தீர்மானமாகவே தோன்றும். வயலாகவோ தோட்டமாகவோ கிடந்த நிலத்தில் இருநூறு வீடுகள் எழலாம் என ஒரு சபை அனுமதி வழங்கும்போது, சபையினரின் முன்னே விரிந்துள்ள நிலப்படத்தில் மாறுவது ஒரு வண்ணம் மட்டுமே. ஆயின் அந்த இருநூறு வீட்டாரும் காலையில் வெளியே செல்ல வேண்டும். மாலையில் திரும்பி வரவேண்டும். அவர்களுக்குரிய பொருள்களை ஏற்றிய வண்டிகள் உள்ளே வரவேண்டும். அவர்தம் பிள்ளைகள் பாடசாலைக்கு நடந்து செல்ல வேண்டும். இவையனைத்தும் நிகழ்வது வீதியிலேயாம். எனவே நிலப்பயன்பாடு பற்றிய ஒவ்வொரு தீர்மானமும் வீதியைப் பற்றிய ஒரு தீர்மானத்தைத் தன்னுள் மறைத்து வைத்திருக்கின்றது எனலாம். இவ்விரு தீர்மானங்களும் எப்போது ஒன்றாக நோக்கப்பட்டன, எப்போது பிரிந்து போயின, அப்பிரிவினால் தீங்குற்றோர் யாவர் என்பன நகரத் திட்டமிடலின் வரலாற்றில் ஆராயப்பட வேண்டிய வினாக்களாகும்.

மோட்டார் வாகனத்தின் வருகை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நகர வீதி என்பது போக்குவரத்துக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. குதிரை வண்டியும் கைவண்டியும் சென்ற அதே இடத்தில் வணிகர் பொருள் விற்றனர், அயலவர் கூடிப் பேசினர், சிறுவர் விளையாடினர். ஐக்கிய அமெரிக்காவில் 1910ஆம் ஆண்டளவில் ஐந்து இலட்சத்துக்கும் குறைவாக இருந்த மோட்டார் வாகனங்களின் தொகை 1920இல் ஏறத்தாழத் தொண்ணூறு இலட்சமாகவும், 1930இல் இரண்டரைக் கோடிக்கு மேலாகவும் பெருகியது. 1920களின் நடுப்பகுதியில் அந்நாட்டில் ஆண்டுதோறும் இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் வாகன விபத்துகளில் மாண்டனர். நகரங்களில் இறந்தோருட் பெரும்பாலோர் பாதசாரிகள். அவர்களுட் சிறுவர் தொகையும் பெரிதாக இருந்தது. வீதி யாருக்குரியது என்ற வினா இவ்வாறு உயிர்களின் வினாவாக மாறியது.

இதே காலப்பகுதியிலேயே வலயமாக்கல் என்னும் சட்டமுறை வளர்ச்சியுற்றது. 1916ஆம் ஆண்டு நியூயோர்க் நகரம் முழு நகரையும் தழுவிய வலயமாக்கல் விதிகளை நிறைவேற்றியது. வதிவிடம், வர்த்தகம், கட்டுப்பாடற்ற பயன்பாடு என நிலம் பகுக்கப்பட்டதோடு கட்டடங்களின் உயரமும் வரையறுக்கப்பட்டது. பின்னர் மத்திய அரசின் வர்த்தகச் செயலாளராக இருந்த ஹேர்பேட் ஹூவரின் ஆதரவில் தயாரிக்கப்பட்ட மாதிரிச் சட்டமொன்று 1924இல் வெளியிடப்பட்டு, 1926இல் திருத்தப்பட்டது. நாட்டின் பெரும்பாலான மாநிலங்கள் இதனைத் தழுவியே தத்தம் சட்டங்களை இயற்றின.

இம்மாதிரிச் சட்டத்தில் இரு கூறுகள் சிறப்பாகக் கவனிக்கத்தக்கன. முதலாவது, வலயமாக்கலின் நோக்கங்களை வரிசைப்படுத்துமிடத்து வீதி நெரிசலைக் குறைத்தல் என்பதையே அது முதலிடத்தில் வைத்தது. இரண்டாவது, வலய மாற்றத்துக்கு அது விதித்த நடைமுறையாகும். மாற்றம் செய்யுமுன் பகிரங்க விசாரணை நடத்தப்பட வேண்டும். அதற்குக் குறைந்தது பதினைந்து நாள் முன்னறிவித்தல் செய்திப் பத்திரிகையில் வெளியாக வேண்டும். சம்பந்தப்பட்ட அல்லது அண்டிய நிலப்பரப்பில் இருபது வீதத்துக்கோ அதற்கு மேலோ உரிமையாளரானோர் எழுத்து மூலம் ஆட்சேபித்தால், சபையின் மொத்த உறுப்பினருள் முக்காற் பங்கினர் ஆதரித்தாலன்றி மாற்றம் செல்லுபடியாகாது. இங்கே குரல் வழங்கப்பட்டது நில உடைமையாளருக்கே என்பதை மனங்கொள்ளல் வேண்டும். வாடகைக்குக் குடியிருப்போருக்கோ, அவ்வீதியால் நடந்து வேலைக்குச் செல்வோருக்கோ இந்த ஆட்சேப உரிமை இருக்கவில்லை.

யூக்லிட் வழக்கு

வலயமாக்கல் அரசியலமைப்புக்கு இயைந்ததா என்ற வினாவை முடிவுசெய்த வழக்கு ஒகையோ மாநிலத்தில் எழுந்தது. கிளீவ்லாந்து நகரை அண்டிய யூக்லிட் என்னும் சிற்றூர் 1922 நவம்பரில் தன் எல்லைக்குட்பட்ட நிலத்தை ஆறு பயன்பாட்டு வகைகளாகப் பகுத்தது. அவ்வூரில் 68 ஏக்கர் நிலத்தை வைத்திருந்த அம்ப்ளர் நிறுவனம், கைத்தொழிலுக்கு விற்றால் ஏக்கர் ஒன்று பத்தாயிரம் டொலர் பெறுமதியான நிலம், வதிவிட வலயமாக்கப்பட்டதால் இரண்டாயிரத்து ஐந்நூறு டொலராக வீழ்ந்துவிட்டதென முறையிட்டது. கீழ் நீதிமன்றம் நிறுவனத்துக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தது. ஆயினும் 1926 நவம்பர் 22இல் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம், ஆறு நீதியரசர் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாக, ஊர்ச் சபையின் கட்டளைச் சட்டம் செல்லுபடியாகும் எனத் தீர்த்தது.

தீர்ப்பை எழுதிய நீதியரசர் ஜோர்ஜ் சதர்லாந்து முன்வைத்த நியாயங்களுள் ஒன்று வீதிப் பாதுகாப்பாகும். வதிவிடப் பகுதிகளிலிருந்து வர்த்தகத்தையும் கைத்தொழிலையும் விலக்கினால் அங்கே போக்குவரத்துக் குறையும், குறையவே வீதி விபத்துகளும், சிறப்பாகச் சிறுவர்க்கு நேரும் விபத்துகளும் குறையும் என்பது அவர் ஏற்றுக்கொண்ட வாதம். தனியார் சொத்துரிமையை உறுதியாகப் பேணியவராக அறியப்பட்ட ஒரு நீதியரசர், சொத்துரிமையைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை ஆதரித்தமைக்கு வீதியில் விளையாடும் குழந்தையும் ஒரு காரணமாக நின்றமை வரலாற்றில் மறக்கப்படலாகாதது.

ஆனால் அதே தீர்ப்பின் மற்றொரு பகுதி வேறொரு முகத்தைக் காட்டுகின்றது. தனி வீடுகள் நிறைந்த பகுதியிலே தொடர்மாடி வீடுகள் புகுவது அப்பகுதியின் திறந்த வெளியையும் சூழலையும் உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணியின் செயலை ஒத்தது என்னும் கருத்து அங்கே இடம்பெற்றது. அவற்றோடு வரும் வாகனங்களும் நெரிசலும் சிறுவரின் அமைதியையும் விளையாட்டிடத்தையும் பறிக்கும் எனக் கூறப்பட்டது. தொடர்மாடிகளில் வாழ்வோருக்கும் பிள்ளைகள் உண்டு என்பது இவ்வாதத்தில் எங்கும் கணக்கிற் கொள்ளப்படவில்லை.

இதன் விளைவு நடைமுறையில் தெளிவாகப் புலப்பட்டது. பல நகரங்களின் வலயப்படங்களில் தொடர்மாடிகளுக்குரிய நிலம் பிரதான வீதிகளின் ஓரங்களிலேயே ஒதுக்கப்பட்டது. தனி வீட்டுப் பகுதிக்கும் இரைச்சல் மிக்க வீதிக்கும் இடையே அவை ஒரு தடுப்புச் சுவராகக் கருதப்பட்டன. ஆகவே வீதிப் பாதுகாப்பு என்ற பெயரால் உள்ளொழுங்கைகளின் அமைதி வசதி படைத்தோருக்குக் கிடைத்தது. விரைந்தோடும் வாகனங்களின் ஓரத்தில் வாழும் நிலை வசதி குறைந்தோருக்கு வாய்த்தது. 1917ஆம் ஆண்டிலேயே, கென்ரக்கி மாநிலத்தின் லூயிவில் நகரம் தொடர்பான வழக்கில், இனத்தை அடிப்படையாகக் கொண்டு வதிவிடங்களைப் பிரிக்கும் விதிகள் செல்லாவென உயர் நீதிமன்றம் தீர்த்திருந்தது. நேரடியாகச் செய்ய முடியாதுபோன பிரிவினையைக் காணியின் அளவு, வீட்டின் வகை என்பனபற்றிய விதிகள் மறைமுகமாகச் செய்தன என்பது பின்வந்த ஆய்வாளர் பலரின் முடிபாகும்.

யூக்லிட் நிலத்தின் பிற்கால வரலாறும் சுவையானது. வீடுகளுக்கென நீதிமன்றம் வரை சென்று காக்கப்பட்ட அந்நிலத்தில் பிற்காலத்தில் எழுந்தது தொழிற்சாலையே. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனி அங்கே தன் ஆலையை நடத்தியது. சட்டக் கோட்பாடு நிலைத்தது. அது பிறந்த நிலத்தின் வலயமோ நிலைக்கவில்லை.

அமைப்பினால் வந்த பாதுகாப்பு

நிலத்தின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தினாற் போதும் என்ற எண்ணத்துக்கு மாறாக, வீதியின் அமைப்பையே மாற்ற வேண்டும் என்ற கருத்தும் அக்காலத்தில் உருவாயிற்று. 1929ஆம் ஆண்டில் கிளாரன்ஸ் பெரி என்பார் அயற்குடியிருப்பு அலகு என்னும் கோட்பாட்டை விரிவாக வெளியிட்டார். பிரதான வீதிகள் குடியிருப்பை ஊடறுக்காமல் அதன் எல்லைகளாக அமைதல் வேண்டும். நடுவில் பாடசாலை இருத்தல் வேண்டும். எந்தப் பிள்ளையும் பிரதான வீதியொன்றைக் கடக்காமலே பாடசாலைக்கு நடந்து செல்லக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்பன அதன் அடிப்படைகள்.

அதே ஆண்டில் நியூ யேர்சி மாநிலத்தில் ராட்பேர்ண் என்னும் புதிய குடியிருப்பு உருவாகத் தொடங்கியது. கிளாரன்ஸ் ஸ்ரைன், ஹென்றி றைற் ஆகிய இருவரும் வகுத்த இத்திட்டத்தில் வீடுகள் முட்டு ஒழுங்கைகளைச் சுற்றி அமைந்தன. வாகனம் ஒருபுறம் வர, வீட்டின் மறுபுறம் நடைபாதைக்கும் பூங்காவுக்கும் திறந்தது. நடைபாதை வீதியைச் சந்திக்கும் இடத்தில் சுரங்கவழி அமைக்கப்பட்டது. இருபத்தையாயிரம் மக்களுக்கெனத் திட்டமிடப்பட்ட இந்நகரம் பொருளாதார மந்தத்தாற் சிறு பகுதியோடு நின்றுவிட, அதனை அமைத்த நிறுவனமும் 1934இல் முறிவுற்றது.

ஆயினும் முட்டு ஒழுங்கை என்னும் எண்ணம் வாழ்ந்தது. மத்திய வீடமைப்பு நிருவாகம் 1936இல் வெளியிட்ட அறிவுரைகள், நேர்க்கோட்டுச் சதுர அமைப்பை விடுத்து வளைந்த வீதிகளையும் முட்டு ஒழுங்கைகளையும் அமைக்குமாறு ஊக்குவித்தன. வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் அளித்த நிறுவனமாதலால் அதன் அறிவுரை கட்டளை போன்றே செயற்பட்டது. ஆனால் காணி விற்போர் ராட்பேர்ணிலிருந்து எடுத்துக்கொண்டது ஒழுங்கையை மட்டுமே; நடைபாதையும் பூங்காவும் சுரங்கவழியும் பெரும்பாலும் கைவிடப்பட்டன. அவை செலவு மிக்கவை. விற்கத்தக்க காணியை உண்பவை.

1957இல் ஹரல்ட் மார்க்ஸ் வெளியிட்ட ஆய்வு இவ்வமைப்பின் பயனை எண்ணளவில் காட்டியது. லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதிக் குடியிருப்புகளை ஒப்புநோக்கிய அவர், நான்கு வீதிகள் கூடும் சந்தியிலும் பார்க்க மூன்று வீதிகள் கூடும் சந்தி பன்மடங்கு பாதுகாப்பானது எனக் கண்டார். காரணம் எளிது. ஒன்றையொன்று குறுக்கறுக்கும் வழிகளின் தொகை மூன்று முனைச் சந்தியிலே மிகக் குறைவு; ஒரு வழியால் வருபவர் கட்டாயம் வேகந் தணித்துத் திரும்ப வேண்டியவராகின்றார்.

ஆயினும் இங்கே ஓர் இடர் உண்டு. நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு ஒரே வாயில் அமையுமாயின், உள்ளே குறைந்த ஆபத்து வாயிலிற் குவியும். பிரதான வீதியின் வேகமும் குடியிருப்பிலிருந்து வெளிவரும் வாகனமும் சந்திக்கும் அவ்வொரு புள்ளியில், பார்வைத் தூரம் போதாவிடின், உள்ளே காத்த உயிர்கள் வெளியே இழக்கப்படலாம். தீயணைப்பு வண்டியோ நோயாளர் வண்டியோ வருவதற்கும் அதே ஒரு வழிதான். ஆகவே உள்வீதியின் பாதுகாப்பை மட்டும் அளப்பது அரைக்கணக்கேயாகும்.

வீதியோர வளர்ச்சியும் பிரித்தானியச் சட்டமும்

பிரித்தானியாவில் பிரச்சினை வேறுவகையில் எழுந்தது. முதலாம் உலகப் போருக்குப் பின்னர், வீடு கட்டுவோர் புதிய உள்வீதிகளை அமைக்கும் செலவைத் தவிர்க்கும் பொருட்டு ஏற்கெனவே உள்ள நெடுஞ்சாலைகளின் இருமருங்கிலும் வரிசையாக வீடுகளைக் கட்டினர். நகர நெரிசலைத் தவிர்ப்பதற்கென அமைந்த புறவழிச் சாலைகளே இதற்குப் பலியாகின. 1927இல் திறக்கப்பட்ட கிங்ஸ்ரன் புறவழிச் சாலை இதற்கு எடுத்துக்காட்டாகும். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி வாயில் இருந்தமையால் விரைவான போக்குவரத்துக்கென அரசு பொதுப்பணத்தில் அமைத்த சாலை, சில ஆண்டுகளில், நெடுகிலும் சந்திகள் நிறைந்த ஊர்த்தெருவாயிற்று. 1934இல் மட்டும் அந்நாட்டில் 7,343 பேர் வீதி விபத்துகளில் இறந்தனர்.

இதன் பின்னணியிலேயே 1935ஆம் ஆண்டின் வீதியோர வளர்ச்சிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. வகைப்படுத்தப்பட்ட வீதிகளின் நடுக்கோட்டிலிருந்து 220 அடிக்குள் கட்டடம் அமைப்பதற்கும், அவ்வீதிகளுக்குப் புதிய நுழைவழி திறப்பதற்கும் வீதி அதிகாரியின் இசைவு வேண்டும் என அது விதித்தது. இதன் வரலாற்று முக்கியத்துவம் பெரிது. நிலத்தின் உரிமை வேறு, அந்நிலத்திலிருந்து பொதுவீதிக்குள் எங்கும் புகும் உரிமை வேறு என்பதை அது சட்டத்தில் நிலைநாட்டியது. 1947இன் நகர, நாட்டுப்புறத் திட்டமிடற் சட்டம் நில அபிவிருத்தி அனைத்தையும் முன்னனுமதிக்குட்படுத்தியபோது இவ்விரு வினாக்களும் ஒரே விண்ணப்பத்தில் இணைந்தன. 1963இல் கொலின் புக்கனன் தலைமையில் வெளிவந்த அறிக்கை மேலும் ஒருபடி சென்று, கட்டடமொன்றை அனுமதிப்பது போக்குவரத்தை உற்பத்தி செய்வதே என்பதை வற்புறுத்தியது.

வலய மாற்றமும் சான்றும்

அமெரிக்காவிலோ, வலய மாற்றங்கள் ஒவ்வொரு காணிக்கும் தனித்தனியே கோரப்படும் நிலை வளர்ந்தது. கோருபவர் காணி அபிவிருத்தியாளர், எதிர்ப்பவர் அயலவர், தீர்ப்பவர் தேர்தலில் தெரிவான உறுப்பினர். அயலவர் முன்வைக்கும் முதல் ஆட்சேபம் பெரும்பாலும் வீதி பற்றியதாகவே இருந்தது: ஒழுங்கை ஒடுங்கியது, வளைவு ஆபத்தானது, பிள்ளைகள் நடக்கும் பாதை. இவ்வாட்சேபம் பல வேளைகளில் உண்மையானது. சில வேளைகளில், வருவோர் யார் என்பதைப் பற்றிய வெறுப்பை மறைக்கும் போர்வை. இரண்டையும் பிரித்தறியும் வழி என்ன என்பதே கடினமான வினாவாயிற்று.

1973இல் ஒரேகன் மாநில உயர் நீதிமன்றம் ஃபசானோ வழக்கில் அளித்த தீர்ப்பு இதற்கு ஒரு விடை தந்தது. வோஷிங்டன் கவுண்டியில், தனி வீடுகளுக்கென ஒதுக்கப்பட்ட 32 ஏக்கரை நடமாடும் வீடுகளின் குடியிருப்பாக மாற்றியதை அயலவர் எதிர்த்தனர். குறித்த ஒரு காணியின் வலயத்தை மாற்றுவது சட்டமியற்றும் செயலன்று. அது நீதிவழங்கும் செயலை ஒத்தது என நீதிமன்றம் கூறியது. எனவே இருதரப்பும் கேட்கப்பட வேண்டும்; சான்றுகள் பதிவாக வேண்டும்; காரணங்கள் எழுதப்பட வேண்டும்; மாற்றம் கோருபவரே அதன் தேவையை நிறுவ வேண்டும். ஈராண்டின் பின், 1975இல், நியூ யேர்சி உயர் நீதிமன்றம் மவுண்ட் லோரல் வழக்கில், வருமானம் குறைந்தோருக்கு வீடமைக்க இடமளியாத வலய விதிகளைக் கண்டித்தது. முதற் தீர்ப்பு ஆராயாது அனுமதிப்பதைத் தடுத்தது. இரண்டாவது தீர்ப்பு ஆராயாது விலக்குவதைத் தடுத்தது. பாதுகாப்பு என்ற சொல்லைச் சொன்னால் மட்டும் போதாது, அதனை அளந்து காட்ட வேண்டும் என்பது இரண்டையும் ஒருங்கு நோக்கும்போது பெறப்படுவதாகும்.

நெதர்லாந்து வேறொரு பாதையைக் காட்டியது. 1970களின் தொடக்கத்தில் வீதியில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான சிறுவர் மாண்டமையைக் கண்டித்துப் பெற்றோர் இயக்கமொன்று எழுந்தது. 1976இல் வாழிட வீதி என்னும் வகை அந்நாட்டுச் சட்டத்தில் இடம்பெற்றது. அத்தகைய வீதியில் வாகனம் நடை வேகத்தில் செல்ல வேண்டும், பாதசாரி வீதியின் முழு அகலத்தையும் பயன்படுத்தலாம், சிறுவர் விளையாடலாம். வீடுகளை விலக்குவதாலன்றி வேகத்தைக் குறைப்பதாலும் பாதுகாப்புப் பெறலாம் என்பதை இது மெய்ப்பித்தது.

இலங்கையில் இக்கருத்துகள்

இக்கருத்துகளுட் சில குடியேற்ற ஆட்சியின் வழியாக இலங்கையையும் அடைந்தன. 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர முன்னேற்றக் கட்டளைச் சட்டம் சுகாதாரத்தோடு வீதிக்கோடுகளையும் கட்டட அனுமதியையும் ஒழுங்குபடுத்தியது. 1921இல் பற்றிக் கெடிஸ் கொழும்புக்கென ஒரு திட்டத்தை முன்வைத்தார். 1946ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க நகர, நாட்டுப்புறத் திட்டமிடற் கட்டளைச் சட்டம் பிரித்தானிய மரபைத் தழுவியது. அதனைத் தொடர்ந்து பற்றிக் அபர்குறொம்பி கொழும்புப் பிராந்தியத்துக்கு வகுத்த திட்டம் இரத்மலானை, ஹோமாகமை, றாகமை ஆகிய இடங்களில் துணைநகரங்களை முன்மொழிந்தது. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டம் நகர அபிவிருத்தி அதிகாரசபையை நிறுவியது. 1986இல் வெளியான திட்டமிடல், கட்டட ஒழுங்குவிதிகள், ஒரு வீதியாற் பயன்பெறும் காணித்துண்டுகளின் தொகைக்கேற்ப அவ்வீதியின் குறைந்த அகலத்தை வரையறுத்தன.

சட்டங்கள் இவ்வாறு வளர்ந்தபோதும், நிலமும் வீதியும் வெவ்வேறு கைகளிலேயே இருந்தன. பிரதான வீதிகள் 1981ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் வீதி அபிவிருத்தி அதிகாரசபையிடமும், ஒழுங்கைகள் உள்ளூராட்சிச் சபைகளிடமும் சென்றன. 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தின் பின் மாகாணசபைகளும் ஒரு பகுதிக்குப் பொறுப்பாயின. பழைய தோட்டக் காணியொன்று துண்டாடப்படும்போது ஒழுங்கையின் அகலம் ஓரிடத்தில் ஆராயப்படுகின்றது. அவ்வொழுங்கை பிரதான வீதியைச் சந்திக்கும் முனை இன்னோரிடத்துக்குரியதாகின்றது. மேலும், விதி ஒவ்வொரு துண்டாடலையும் தனியே நோக்குகின்றது. அடுத்தடுத்த பத்துக் காணிகள் பத்து ஆண்டுகளில் துண்டாடப்படும்போது ஒவ்வொன்றும் விதிக்கு அமைந்ததாகவே இருக்கலாம். அவை யாவும் சேர்ந்து ஒரு முனையில் உண்டாக்கும் ஆபத்துக்கு எவரும் பொறுப்பாளராக இருப்பதில்லை. 1920களில் பிரித்தானிய நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் நிகழ்ந்ததும் இதுவே.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கும்போது சில உண்மைகள் தெளிவாகின்றன. வலயமாக்கல் பிறந்தபோது வீதிப் பாதுகாப்பு அதன் நியாயங்களுள் ஒன்றாக நின்றது. ஆயினும் அந்நியாயம் எல்லோரையும் காப்பதற்குப் பயன்படவில்லை. காணி உடையோரின் பிள்ளைகளை முதலிற் காத்தது, ஏனையோரின் பிள்ளைகளைப் பெருவீதியின் ஓரத்துக்கு அனுப்பியது. வீதியமைப்பு மாறியபோது உள்ளிருந்த ஆபத்து வாயிலுக்கு நகர்ந்தது. நிலத்துக்குப் பொறுப்பானோரும் வீதிக்குப் பொறுப்பானோரும் பிரிந்து நின்றபோது, இடைவெளியில் விழுந்தவர் பாதசாரியே.

எனவே ஒரு வலய மாற்றத்தின் நன்மை தீமையை அளக்க விரும்புவோர் மூன்று வினாக்களை எழுப்புதல் தகும். இக்காணியிலிருந்து வெளிவரும் வழி எந்த வீதியை, எந்த இடத்தில், எத்தகைய பார்வைத் தூரத்தோடு சந்திக்கின்றது? இதனோடு அண்டிய காணிகளும் மாறுமாயின் அம்முனையின் நிலை என்ன? விலக்கப்படுவோர் எங்கே சென்று வாழ்வர், அங்கே அவர்தம் பிள்ளைகள் எந்த வீதியைக் கடப்பர்? முதலிரு வினாக்களும் பொறியியலாளரின் கணக்கிற்கு உட்பட்டவை. மூன்றாவது வினா சமூக நீதிக்கு உரியது. யூக்லிட் வழக்குத் தீர்க்கப்பட்டு ஒரு நூற்றாண்டாகும் நிலையிலும், சபைகளின் முன் மிகக் குறைவாகவே கேட்கப்படுவது அந்த மூன்றாவது வினாவாகும்.